பதினெட்டாவது இலை

அந்தக் கை சென்னியப்பனுக்குத் தெரிந்த கை. ஐந்தாவது இலைக்குக் குனிந்து, "சாமி, ரசமுங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தபோது கண் சும்மா இருக்காமல் வரிசையோடு ஓடிப்போய், பன்னிரண்டு பதின்மூன்று இலை தள்ளி, அந்தக் கையில் முட்டி நின்றது. ரெண்டு பச்சைக் கண்ணாடி வளையல், நடுவில் தேய்ந்துபோன ஒரு தங்க வளையல், வளையலுக்குக் கீழே எண்ணெய் தெறித்து வெளுத்த தழும்பு, பெருவிரல் நகத்தின் நடுவில் ஒரு பிளவு. காலை ஏழரை மணிக்கு அவர் தட்டில் நாலு இட்லியை வைத்துச் சட்னி ஊற்றிவிட்டுப் போன கை. முப்பத்தொரு வருஷமாக மேலேயிருந்து இறங்கி வந்து, எதையாவது வைத்துவிட்டு மறுபடி மேலே போய்விடுகிற கை, இப்போது கீழே, ஓர் இலையில் சாம்பார்ச் சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கிறது. பரிமாறித்தான் அந்தக் கையை அவருக்குத் தெரியும், பிசைந்து தெரியாது. அதனால் ஒரு நொடி மனசு ஒப்பவில்லை. மயிலாத்தாள் இங்கே எதுக்கு வரப்போறா, அவ வூட்டுல இருப்பா, கதவைச் சாத்திட்டு டிவி பாத்துட்டு இருப்பா, இல்லைன்னா படுத்திருப்பா, பச்சை வளையல் போட்டவ ஊருல அவ ஒருத்திதானா, எண்ணெய் தெறிக்காத கை எந்தப் பொம்பளைக்கு இருக்குது. இப்படித் தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்தக் கை ஒரு காரியம் செய்தது. சரிந்த முந்தானையை முழங்கையால் ஒரு இடி இடித்து ஒதுக்கியது. அவ்வளவுதான், தீர்ந்தது. அந்த இடி ஊரில் வேறு யாருக்கும் கிடையாது. கட்டின பெண்டாட்டி அன்னதானப் பந்தியில் உட்கார்ந்திருக்கிறாள். "போதுமுங்க, சாமி, போதுமுங்க" என்று ஐந்தாவது இலைக்காரர் ரெண்டு கையாலும் இலையை மூடினார். ரசம் இலையைத் தாண்டிப் பாயில் ஓடிக்கொண்டிருந்தது.

காவிரிக்கரை முருகன் கோயிலுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட நீளக் கூடம் அது. ஞாயிறுதோறும் உச்சிகாலப் பூசை முடிந்ததும் மூன்று பந்தி நடக்கும். யார் வேண்டுமானாலும் உட்காரலாம். பஸ் ஸ்டாண்டில் படுக்கிறவர்கள், பூ விற்கிறவர்கள், பெரியாஸ்பத்திரியில் சொந்தக்காரரைச் சேர்த்துவிட்டு எங்கே சாப்பிடுவது என்று தெரியாமல் அலைகிறவர்கள் என்று எல்லாரும் வருவார்கள். பரிமாறுகிற அன்னதான சபைக்காரர்களுக்கு மூன்று சட்டம் உண்டு, சுவரில் நீலப் பெயிண்டில் எழுதியே வைத்திருக்கிறார்கள். பந்தி உட்கார்ந்ததும் வரிசைக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட வேண்டும், உட்கார்ந்திருப்பது சாமி என்பதால். ஒவ்வோர் இலையிலும் குனிந்து, சாமி என்று கூப்பிட்டு, வேணுமா என்று கேட்டுத்தான் போட வேண்டும். மூன்றாவது, இலையைப் பார்க்கலாம், முகத்தைப் பார்க்கக் கூடாது. சாப்பிடுகிறவருக்குக் கூச்சம் வேண்டாம், போடுகிறவனுக்குத் திமிர் வேண்டாம். இந்த மூன்றையும் சென்னியப்பன் மாதிரிக் கடைப்பிடித்தவர் சபையில் யாரும் கிடையாது, அதில் பொய் இல்லை. மின்வாரியத்தில் போர்மேனாக இருந்தவர். ஒரு அதட்டலில் எட்டு ஆளைக் கம்பத்தில் ஏற்றியவர். அவர் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, பிச்சைக்காரன் இலைக்கு முன்னால் முதுகை வளைத்து, "இன்னும் ஒரு கரண்டி ஊத்தட்டுங்களா, சாமி?" என்று கேட்கிற குரலைக் கேட்டால் கல்லுக்கும் பசி எடுக்கும். பதினோரு வருஷத்தில் ஒரு ஞாயிறு தவறியதில்லை. மாமனார் காரியம் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது என்று மயிலாத்தாளை மட்டும் பஸ் ஏற்றிவிட்டு இங்கே வந்து நின்றவர். போன பங்குனியில் கூடத்து வாசலில் அவர் படத்தைப் போட்டு, தொண்டின் திருவுருவே என்று எழுதி ஒரு பேனர்கூட வைத்தார்கள். வெயிலில் முகம் வெளுத்துப்போனாலும் அது இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

ஆறாவது இலை. "ரசமுங்களா, சாமி?" வாய் பாட்டுக்குக் கேட்டது. உள்ளே வேறொருத்தர் கத்திக்கொண்டிருந்தார். வூட்டுல சோறில்லையா? பென்ஷன் வர்றதில்லையா? அரிசி மூட்டை அப்படியே கிடக்குது, போன வாரந்தான் பருப்பும் மொளகாயும் வாங்கிப் போட்டேன், பிரிட்ஜுல பாலு இருக்குது. எவனாச்சும் பார்த்தா என்ன சொல்லுவான்? போர்மேன் பெண்டாட்டி ஓசிச் சோத்துக்கு வந்து உக்காந்துட்டான்னு சொல்ல மாட்டானா? வேணும்னே வந்திருக்கிறாளா? என்னை ஊருக்கு முன்னால தலைகுனிய வைக்கணும்னு ஒரு திட்டமா? வரட்டும், வூட்டுக்கு வரட்டும், இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துடறேன். ஏழாவது இலைக்காரர் கையைக் காட்டினார், ஊற்றினார். கோபம் நன்றாக இருந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்க வசதியாக இருந்தது. ஆனால் எட்டாவது இலையில் அது வழுக்கிவிட்டது. சனியன், இப்போதுதானா தோன்ற வேண்டும். யார் பார்க்கிறார்கள் இங்கே? பரிமாறுகிறவன் ஒருத்தனும் முகத்தைப் பார்க்க மாட்டான். அப்படியென்றால் அவளை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். தலைகுனிய வைக்க வந்தவள் யாருமே பார்க்காத இடத்தில் வந்தா உட்காருவாள்? கோபத்துக்கு இதற்குமேல் கால் இல்லை. நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டது.

அப்புறம் பயம் வந்தது. ஒன்பதாவது இலையில் ஒரு சின்னக் குழந்தையின் கை, ரசத்தைப் பார்த்ததும் இலைக்கு வெளியே ஓடியது. உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதா அவளுக்கு? எதையாவது மறைக்கிறாளா? வேண்டுதலா? ஏழு வாரம் கோயில் சோறு சாப்பிடுகிறேன் என்று வேண்டிக்கொள்கிறவர்கள் உண்டு. எதற்கு வேண்டிக்கொள்ளும்படி ஆகியிருக்கும்? திருப்பூரில் கட்டிக்கொடுத்த மகளுக்கு ஏதாவதா, அவருக்குத் தெரியாமல்? மூணு வருஷத்துக்கு முன்னால் மயிலாத்தாளுக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். அப்போதும் இப்படித்தான், அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆறு மாசம் சமையல் செய்தவள் ஒரு நாள்கூட வாய் திறக்கவில்லை. டாக்டரம்மாதான் அவரைக் கூப்பிட்டு, இத்தனை நாள் என்ன சார் பண்ணிட்டு இருந்தீங்க என்று கேட்டாள். ஆபரேஷன் முடிந்து மூணாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அவள் தங்கச்சி வந்திருந்தாள், கஞ்சி கொடுக்க ஆள் இருக்கிறது, நாம் இருந்து என்ன செய்யப்போகிறோம் என்று அவர் இங்கே வந்துவிட்டார். அன்றைக்கு அந்த ஆஸ்பத்திரியிலிருந்தே ஒரு குடும்பம் பந்திக்கு வந்திருந்தது. பாவம், நோயாளிக்கென்று தூக்கில் கஞ்சி கேட்டார்கள். அவர் தூக்கு நிறைய ஊற்றி, மேலே ஒரு ஊறுகாய்ப் பொட்டலமும் வைத்து, படிவரைக்கும் கொண்டுபோய்க் கொடுத்தார். அதைச் செய்தபோது கண் கலங்கியது நினைவிருக்கிறது. ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போய் மயிலாத்தாளிடம் அதைச் சொன்னதும் நினைவிருக்கிறது. கட்டிலில் கிடந்தவள், நல்லதுங்க என்றாள்.

பத்தாவது இலை, பதினொன்று. அவளுக்கு என்ன பிடிக்கும்? இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. கேட்டவுடன் பதில் வரும் என்றுதான் நினைத்தார். பதினோராவது இலையில் இருக்கிற இந்தக் கருத்த, ரெண்டு விரல் இல்லாத கைக்கு ரசம் தெளிவாக வேண்டும், மண்டி ஆகாது. அடுத்த வரிசையில் பித்தளைக் காப்புப் போட்ட கைக்குக் கத்தரிக்காய் போடக் கூடாது, சொறி வரும். தூண் ஓரம் எப்போதும் உட்காரும் நடுங்குகிற கைக்குச் சோற்றைக் குழைத்து வைக்க வேண்டும். இதையெல்லாம் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டது. ஆனால் மயிலாத்தாளுக்கு? நெய் போட்டுக்கொள்வாளா? எத்தனை இட்லி சாப்பிடுவாள்? ஒரு வேளைக்கு எவ்வளவு சோறு? யோசித்தார். தலைக்குள்ளே ஒவ்வொரு அறையாகப் போய்த் தேடினார். அவள் அரைக்கிறாள், ஆட்டுகிறாள், நிலைப்படியில் தோசைத் திருப்பியோடு நிற்கிறாள், அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் கையை நீட்டினால் தண்ணீர் டம்ளர் வருகிறது. சாப்பிடுகிற மயிலாத்தாள் எங்கேயும் இல்லை. கல்யாணத்தன்று பாலும் பழமும் கொடுத்தார்கள், பாதிப் பழத்தை அவர் கடித்து மீதியை அவளிடம் கொடுத்தார், அதை அவள் தின்றாளா, தலை குனிந்திருந்தாள், தெரியவில்லை. பழனிக்குப் போனபோது ஓட்டலில்? மகளை மடியில் வைத்து ஊட்டினாள், எனக்கு அப்புறம் பார்த்துக்கலாமுங்க என்றாள், அப்புறம் பஸ் வந்துவிட்டது. திருச்செந்தூர் போனபோது புளிச்சோறு கட்டிக்கொண்டு வந்தாள், வண்டியில் பத்துப் பேருக்கும் அவள்தான் எடுத்து வைத்தாள், அவளுக்கு மிச்சம் இருந்ததா? விசேஷ வீடுகளில் ஆம்பளைப் பந்தி வேறு. தினமும் அவர் சாப்பிட்டு எழுந்து கை துடைத்துக்கொண்டு போய்ப் படுத்த பிறகு அடுப்பங்கரையில் பாத்திரச் சத்தம் கேட்கும், அதற்குள்ளே எங்கேயோ அவள் சாப்பிட்டிருக்க வேண்டும். சாப்பிடாமல் ஒருத்தி முப்பத்தொரு வருஷம் இருக்க முடியாதே. அப்படித்தான் கணக்குப் போட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. கண்ணால் பார்த்ததில்லை.

அவர் நின்றுவிட்டார். பன்னிரண்டாவது இலைக்கும் பதின்மூன்றாவது இலைக்கும் நடுவில், கரண்டி வாளிக்குள்ளே, முதுகு வளைந்தபடி. பார்த்ததில்லை. கட்டினவள் ஒரு வாய்ச் சோறு மென்று விழுங்குவதைப் பார்த்ததில்லை. முருகா, இது என்ன. இதை யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் சிரிப்பார்கள், எல்லா வூட்டுலயும் அப்படித்தான் அண்ணா என்பார்கள். எல்லா வூட்டுலயும் அப்படித்தான் இருக்கும், ஆனால் எல்லாரும் இங்கே வந்து இலை இலையாகக் குனிந்து, இன்னும் கொஞ்சம் என்று கெஞ்சவில்லையே. ஒவ்வொரு ஞாயிறும் பந்திக்கு முன்னால் விழுந்து கும்பிடும்போது அவருக்கு ஒரு நினைப்பு ஓடும், இத்தனை கையில் ஒரு கை அவனுடைய கையாக இருக்கும், என்றைக்காவது ஒரு நாள் வேலன் வந்து உட்காருவான், நான் கேட்கிற குரலில் மயங்கி இன்னொரு கரண்டி கேட்பான் என்று. வெளியே சொன்னதில்லை, வெட்கம். வரிசை வரிசையாக அந்தக் கையைத்தான் பதினோரு வருஷம் தேடியிருக்கிறார். அவனே வந்து உட்கார்ந்திருந்தாலும் இப்படி நடுவழியில் நின்றிருக்க மாட்டார்.

"என்னங்கண்ணா, வாளி கனமா? நான் வாங்கிக்கட்டுங்களா?" பின்னால் மோர் வாளியோடு வந்த மாரப்பன் கேட்டார். மாரப்பன் சபைச் செயலாளர், வயசில் இளையவர், அண்ணா அண்ணா என்று உயிரை விடுவார். சென்னியப்பன் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தார். இதே மாரப்பன்தான் பேனர் வைத்த அன்றைக்கு நாலு பேர் நடுவில் சொன்னது, உங்க வூட்டுக்காரம்மா குடுத்து வெச்சவங்கண்ணா, வெளியாளுக்கே இப்படின்னா வூட்டுல எப்படி வெச்சிருப்பீங்க என்று. அவர் என்ன செய்தார்? சிரித்தார். சிரித்ததோடு விட்டாரா, நாக்கு சும்மா இருக்குமா, வீட்டுக்குப் போனதும் செருப்பைக் கழற்றுகிறபோதே மயிலாத்தாளிடம் சொன்னார், மாரப்பன் இப்படிச் சொல்றான், கேட்டியா. அவள் தண்ணீர்ச் செம்பை நீட்டிக்கொண்டு, அங்க அப்படி என்னங்க பண்ணுவீங்க என்று கேட்டாள். அவரும் உற்சாகமாக நடித்தே காட்டினார். இடுப்பில் துண்டைக் கட்டி, கூடத்தின் நடுவில் குனிந்து, சாமி இன்னும் கொஞ்சம் போடட்டுங்களா, வயிறு நெறஞ்சுதுங்களா, கூச்சப்படாம கேளுங்க சாமி. சுவரைப் பார்த்துக் கேட்டார். அவள் ஒரு மாதிரி சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவர் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

பதினாலு, பதினைந்து, பதினாறு. பதினேழாவது இலை பூக்கார ராமாத்தாளுடையது. ராமாத்தாள் கையைப் பார்க்காமலே தெரியும், மல்லிகைப்பூ வாசனையும் வாய் ஓயாத பேச்சும் போதும். "ஊத்துங்க, சாமி. இன்னிக்கு ரசத்துல வெல்லம் போட்டாப்ல இருக்குதுன்னு அந்தப் பக்கம் சொல்லிக்கறாங்க" என்றாள். அவர் ஊற்றினார். நிறுத்த மறந்து இன்னொரு கரண்டியும் ஊற்றினார். "ஏனுங்க, எந்த நெனப்புல ஊத்தறீங்க? உடம்புக்கு முடியலைன்னா உக்காருங்களேன்" என்று அவரிடம் சொல்லிவிட்டு, பக்கத்து இலைப் பக்கம் சாய்ந்து, "ஏக்கா, போன வாரம் சாம்பார் ஊத்துனது இவிகதான, உனக்கு ரெண்டு வாட்டி கேட்டுக் கேட்டு ஊத்துனாங்களே" என்றாள். பதிலுக்குக் காத்திராமல் மறுபடி அவர் பக்கம் திரும்பினாள். "இந்தக்கா சித்திரையில இருந்து வருதுங்க, எப்பவும் எம்பக்கத்துலதான் உக்காரும். ஒரு வார்த்த பேசாது. நீங்க கேக்கறப்ப மட்டும் லேசாச் சிரிச்சுக்கும்."

சித்திரை. இப்போது ஆடி. பங்குனியில் பேனர், பங்குனியில் அவர் வீட்டுக் கூடத்தில் ஆடிக் காட்டிய கூத்து, சித்திரையில் இவள் வந்து உட்கார்ந்துவிட்டாள். சித்திரை, வைகாசி, ஆனி, ஆடி. எத்தனை ஞாயிறு? பதினாலா, பதினைந்தா? அத்தனை ஞாயிறும் அவர் இவள் இலைக்கு முன்னால் முதுகை வளைத்திருக்கிறார். அத்தனை ஞாயிறும் பந்திக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தபோது இவள் காலுக்கும் சேர்த்து விழுந்திருக்கிறார். சாமி என்றிருக்கிறார். இன்னும் கொஞ்சம் என்று கெஞ்சியிருக்கிறார். இன்றைக்குச் சரிந்த முந்தானை அன்றைக்கெல்லாம் சரியவில்லை போல. இல்லை, சரிந்திருக்கும், இலையைத்தான் பார்த்தேன் என்கிறோமே, இலையைக்கூட ஒழுங்காகப் பார்த்தோமா, நம் குரலை நாமே கேட்டுக்கொண்டிருந்தோமா? நாலு மணிக்கு வீட்டுக்குப் போனால் அவள்தான் கதவைத் திறப்பாள். எத்தனை பேருங்க இன்னிக்கு என்பாள். இருநூத்தி எழுவது என்பார் அவர். அந்த இருநூத்தி எழுபதில் அவளும் ஒருத்தி என்று சொல்லாமல் காப்பி போட உள்ளே போவாள். எப்படி முடிந்தது அவளால்? ஒரு தடவை, கை கழுவியும் போகாத பெருங்காய வாசனை அவளிடம் வந்தபோது, என்ன சமைச்சே என்று கேட்டார். ஒண்ணும் பெருசா இல்லீங்க என்றாள். இன்று காலையில் இட்லி கல்லு மாதிரி இருக்குது என்று சொல்லி, ரெண்டைத் தட்டிலேயே விட்டுவிட்டு, சாமி காரியத்துக்கு நேரமாச்சு என்று எழுந்து வந்துவிட்டார். அந்த ரெண்டு இட்லி என்ன ஆயிருக்கும்? குப்பையில் போடுகிறவள் இல்லை அவள். அவர் தட்டில் மிஞ்சியதைத்தான் முப்பத்தொரு வருஷமாக... வேண்டாம். அந்தப் பக்கம் போக வேண்டாம். ஆனால் மனசு அந்தப் பக்கம்தான் போனது, திரும்பத் திரும்ப அந்த ரெண்டு இட்லியைப் போய்ப் போய்த் தொட்டுக்கொண்டிருந்தது.

பதினெட்டாவது இலை வந்துவிட்டது. இன்னும் ஒரே ஒரு எட்டு வைத்தால் போதும். மூணு வழி இருந்தது அவருக்கு. தெரியாத மாதிரி, மற்றவர்களைக் கேட்பதுபோலக் கேட்டு, ஊற்றிவிட்டுப் போய்விடலாம். அவளும் ஒன்றும் சொல்ல மாட்டாள், நாலு மணிக்குக் கதவைத் திறந்து எத்தனை பேருங்க என்பாள், அடுத்த ஞாயிறும் வருவாள், சாகும்வரைக்கும் இப்படியே நடக்கும். அல்லது குரலைத் தாழ்த்தி, எந்திரி, வூட்டுக்கு நட என்று பல்லைக் கடித்துச் சொல்லலாம். அவர் சொன்னால் எழுந்துவிடுவாள், பாதிச் சோற்றில் எழுந்து போய்விடுவாள், அது நிச்சயம். அது நிச்சயம் என்று தெரிந்ததுதான் அவரைக் குத்தியது. மூணாவது வழி என்ன என்று அவருக்குத் தெரியவில்லை, அது இருக்கிறது என்று மட்டும் தெரிந்தது. தொண்டு தொண்டு என்று இவ்வளவு நாள் செய்ததெல்லாம் தொண்டா, இல்லை சாமிக்கு முன்னால் ஒரு நாடகமா என்கிற கேள்வி நெஞ்சுக்கு வந்து நின்றது. அதற்குப் பதில் இந்த இலையில்தான் இருக்கிறது, இங்கே தவறினால் மற்ற இருநூத்தி அறுபத்தொன்பது இலையும் பொய். பயந்துகொண்டே குனிந்தார். அந்தக் கை சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தது. இலையில் பொரியலைச் சுத்தமாகத் தின்றிருந்தாள். அப்பளத்தைத் தொடாமல் ஓரமாக வைத்திருந்தாள்.

"மயிலா" என்றார். சாமி என்றுதான் சொல்ல நினைத்தார், வாய் இதைச் சொல்லிவிட்டது. "இங்க எதுக்கு வந்தே?"

"வரக்கூடாதுங்களா?"

"அதுக்கில்ல. வூட்டுல சோறு இல்லியா?"

"வூட்டுல சோறு இருக்குதுங்க." குரலில் கோபம் இல்லை, அழுகையும் இல்லை, அரிசி இருக்குது பருப்பு இருக்குது என்று சொல்கிற அதே குரல். சோற்றில் ஒரு மிளகாய்க் காம்பு கிடந்தது, அதை எடுத்து ஓரமாக வைத்தாள். "இங்கதானுங்க, உனக்கு வேணுமான்னு என்னையக் கேக்கறீங்க."

ராமாத்தாள் மெல்லுவதை நிறுத்திவிட்டாள். ஓங்கி அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார், இது உள்ளே போய் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு போனது. பதினைந்து ஞாயிறு, வெயிலில் ரெண்டு மைல் நடந்து, பஸ் ஸ்டாண்ட் ஆட்களோடு வரிசையில் நின்று, இந்த ஒரு கேள்வியை வாங்கிக்கொண்டு போக வந்திருக்கிறாள். புருஷன் வாயால் கேட்க வேறு இடம் அவளுக்குக் கிடைக்கவில்லை. "அண்ணா, மோருக்குக் காத்திருக்கிறாங்க, நகருங்க" என்றார் மாரப்பன் பின்னாலிருந்து. சென்னியப்பன் நகரவில்லை. முதுகை நிமிர்த்தவும் முடியவில்லை. ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், மன்னிச்சுக்கோ என்றா, அது சினிமாவில் சொல்வது. அவருக்குச் சொல்லத் தெரிந்தது ஒன்றுதான், பதினோரு வருஷமாகப் பழகியது. அதைச் சொன்னார், நாக்கு தடுக்கத் தடுக்க, இதுவரைக்கும் அவளிடம் பேசியே இராத மரியாதையில்.

"ரசம்... ரசம் ஊத்தட்டுங்களா?"

"வேண்டாமுங்க" என்றாள் மயிலாத்தாள். "எனக்கு ரசம் ஆகாது. நெஞ்செரியும்."

அவருக்குப் புரியவில்லை. "தெனமும் வெக்கறியே?"

"உங்களுக்கு வேணுமில்லீங்க."

"எப்ப இருந்து ஆகாது?"

"சின்னதுல இருந்தேங்க" என்று சொல்லிவிட்டு, அவள் இலையில் மிச்சமிருந்த சோற்றைக் கூட்டி, மோருக்காக நடுவில் ஒரு குழி செய்தாள்.